பிளக் ஏன் உருகியது? ஒரு தையல் நிலையத்தின் மின்சாரக் கணக்கு

வீட்டு விஞ்ஞானம்



இம்முறை எமக்கு வெருகலிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கின்றது. எழுதியவர் யுத்தத்தில் கணவரை இழந்தவர். 2006ஆம் ஆண்டில் கைக்குழந்தையோடு இடம்பெயர்ந்து, வாகரை, முகாம் என்று அலைந்து, மீளக்குடியேறியவர். இன்று வேறு இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறிய தையல் நிலையம் நடத்துகிறார். அவர் கடிதத்தின் ஒரு பகுதி இது:

"மூன்று மெசினும் ஒரு அயன்பொக்ஸும் ஒரே எக்ஸ்ரென்சன் வயரில்தான் ஓடுகுது. பியூஸ் அடிக்கடி போகும். அதுக்கு ஒரு தம்பி தடிச்ச செப்புக்கம்பி கட்டித் தந்தார். பிறகு போகவில்லை. போன மாதம் தேத்தண்ணிக்கு ஒரு கரன்ட் கேத்தலும் வாங்கினோம். இரண்டு நாளாகச் சுவர் பிளக்கில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். மூன்றாம் நாள் பிளக் கறுத்து உருகிப்போச்சு. தைச்சு அடுக்கின பள்ளிக்கூடச் சீருடை அதுக்கு இரண்டு முழத்தில் இருந்தது. ஒருவர் மெசின் மோட்டர் பிழை, மூன்றையும் மாத்து என்கிறார். இன்னொருவர் எங்கட பக்கம் கரன்ட் கூட வருகுது என்கிறார். ஆரை நம்புவது? முந்தி இதெல்லாம் அவர் பார்க்கிற வேலை. எனக்குக் கணக்கைச் சொல்லித் தாருங்கோ."

கடைசி வரிதான் முக்கியமானது. மோட்டரை மாற்றுவதா வயரை மாற்றுவதா என்று இவர் கேட்கவில்லை, கணக்கைக் கேட்கிறார். பெருக்கலும் பிரித்தலும் தெரிந்தால் இந்தக் கணக்கு வரும். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சொற்கள்

வெருகல் வயல் பூமி. குளமும் துருசும் வாய்க்காலும் நமக்குத் தெரிந்தவை. மின்சாரத்தையும் அப்படியே நினைத்துப் பார்க்கலாம்.

குளத்தில் நீர் உயரமாக நின்றால் தண்ணீர் வேகமாகத் தள்ளும். இந்தத் தள்ளுதல்தான் மின்னழுத்தம். அதை அளப்பது வோல்ற்றில். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று.

வாய்க்காலில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போன்றது மின்னோட்டம். அதை அளப்பது அம்பியரில்.

வாய்க்கால் ஒடுங்கியிருந்தால், சல்வீனியா அடைத்திருந்தால், ஓட்டம் குறையும். மின்சாரத்தின் பாதையில் உள்ள இப்படியான தடங்கலைத் தடை என்கிறோம். அதை அளப்பது ஓமில்.

ஓடுகின்ற தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றினால், எவ்வளவு விரைவாக வேலை நடக்கிறது என்பது வலு. மின்சாரத்தில் அதை அளப்பது வாற்றில்.

இந்த நான்கையும் இணைப்பவை இரண்டே இரண்டு வரிகள்:

வோல்ற்று ÷ அம்பியர் = ஓம்
வோல்ற்று × அம்பியர் = வாற்று

முதல் வரி, ஜேர்மனியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஜோர்ஜ் சைமன் ஓம் என்பவர் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அவருடைய தகப்பனார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. தடையின் அலகுக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்த வரிகளை மாற்றிப் போடவும் முடியும். வாற்றும் வோல்ற்றும் தெரிந்தால், வாற்றை வோல்ற்றால் பிரிக்க அம்பியர் வரும். எமது சகோதரிக்கு வேண்டியது இதுதான்.

லேபலை வாசிப்போம்

ஒவ்வொரு மின் உபகரணத்தின் அடியிலோ முதுகிலோ ஒரு சிறிய லேபல் இருக்கும். அதில் ஆங்கில எழுத்து 'வி' இருந்தால் வோல்ற்று, 'ஏ' இருந்தால் அம்பியர், 'டபிள்யூ' இருந்தால் வாற்று. குதிரை லாடம் போன்ற குறி ஓமைக் குறிக்கும்.

தையல் மெசின் மோட்டரில் 0.5 அம்பியர் என்று எழுதியிருக்கிறது. அதன் வலு 230 × 0.5 = 115 வாற்று.

அயன்பொக்ஸில் 1,000 வாற்று என்று எழுதியிருக்கிறது. அது எடுக்கும் மின்னோட்டம் 1,000 ÷ 230 = 4.35 அம்பியர். அதன் தடை 230 ÷ 4.35 = ஏறத்தாழ 53 ஓம்.

கேத்தலில் 1,500 வாற்று. மின்னோட்டம் 1,500 ÷ 230 = 6.52 அம்பியர். தடை 230 ÷ 6.52 = ஏறத்தாழ 35 ஓம்.

இதில் ஒன்றை அவதானியுங்கள். கேத்தலின் தடை அயன்பொக்ஸின் தடையிலும் குறைவு. வலுவோ கூட. ஒரே 230 வோல்ற்றில் வேலை செய்யும் பொருள்களில், தடை குறையும்போது ஓட்டம் கூடுகிறது. ஓட்டம் கூடும்போது வலுவும் கூடுகிறது.

கூட்டிப் பார்ப்போம்

தையல் நிலையத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது:

மூன்று மெசின்கள் 3 × 0.5 = 1.5 அம்பியர்
அயன்பொக்ஸ் 4.35 அம்பியர்
கேத்தல் 6.52 அம்பியர்
மொத்தம் 12.37 அம்பியர்

அந்தச் சுவர் பிளக்கோ மூன்று உருண்டை முனை கொண்ட பழைய 5 அம்பியர் பிளக். ஐந்து தாங்கக்கூடிய இடத்தில் பன்னிரண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது.

மெசின்களின் பங்கு 1.5 அம்பியர் மட்டுமே. ஆகவே மூன்று மோட்டரையும் மாற்றச் சொன்னவரின் பேச்சு கணக்கில் நிற்கவில்லை. 'கரன்ட் கூட வருகுது' என்றவரின் பேச்சும் அப்படித்தான். வயரில் எத்தனை அம்பியர் ஓடுவது என்பதை நாம் கொழுவும் பொருள்களே தீர்மானிக்கின்றன. மின்சாரம் தானாகக் கூட ஓடி வருவதில்லை. வோல்ற்று கூடி வருகிறது என்ற சந்தேகம் இருந்தால், அதை அளக்கத் தெரிந்த மின்னியலாளரைக் கொண்டு அளந்து பார்த்துத்தான் சொல்லலாம்.

வெப்பம் எங்கே பிறந்தது?

பிளக்கின் முனையும் அது நுழையும் துளையும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பழசாகித் தளர்ந்தால், உப்புக் காற்றில் கறள் பிடித்தால், அந்த இடத்தில் ஒரு சிறு தடை உண்டாகும். அது அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

அயன்பொக்ஸ் மட்டும் வேலை செய்தபோது அந்த அரை ஓமில் இழந்த வோல்ற்று 4.35 × 0.5 = ஏறத்தாழ 2.2. அங்கே வெப்பமாகிய வலு 2.2 × 4.35 = ஏறத்தாழ 9.5 வாற்று. பிளக் இளஞ்சூடாக இருந்திருக்கும். பலர் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

எல்லாம் சேர்ந்து வேலை செய்தபோது இழந்த வோல்ற்று 12.37 × 0.5 = ஏறத்தாழ 6.2. வெப்பமாகிய வலு 6.2 × 12.37 = ஏறத்தாழ 76 வாற்று. பழைய 75 வாற்று மின்குமிழின் வெப்பம் முழுவதும் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் குவிந்ததற்குச் சமன். பிளாஸ்ரிக் உருகாமல் என்ன செய்யும்?

மின்னோட்டம் மூன்று மடங்குகூடக் கூடவில்லை. வெப்பமோ எட்டு மடங்கு கூடிவிட்டது. ஏனென்றால் இந்தக் கணக்கில் அம்பியர் இரண்டு தரம் பெருக்கப்படுகிறது: அம்பியர் × அம்பியர் × ஓம். இந்த விதியை 1841ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜேம்ஸ் ஜூல். 'இன்னும் ஒரு சாமான்தானே' என்று நாம் கொழுவும்போது வெப்பம் நாம் நினைப்பதைவிட விரைவாக ஏறுவதற்கு இதுவே காரணம்.

எக்ஸ்ரென்சன் வயரிலும் இதே கதைதான். வயரின் செப்பு மெல்லியதாக இருந்தால் தடை கூடும். வளையும் வயர்களில் 0.75 சதுர மில்லிமீற்றர் செப்புள்ள வயர் 6 அம்பியருக்கும், 1.25 சதுர மில்லிமீற்றர் வயர் 13 அம்பியருக்கும் பாவிக்கப்படுகிறது. வயரின் உறையில் இந்த இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போது கேட்டு வாசியுங்கள். மிஞ்சிய வயரைச் சுருட்டிக் கட்டி வைத்து வேலை செய்யாதீர்கள். சுருளின் உள்ளே வெப்பம் வெளியேற வழியில்லை.

உருகி என்பது காவலாளி

அடிக்கடி பியூஸ் போனதைத் தொல்லை என்று நினைத்தோம். உண்மையில் அது 'என்னால் தாங்க முடியவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. உருகியின் மெல்லிய கம்பி தன்னை உருக்கி வயரைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் தடித்த செப்புக்கம்பியைக் கட்டினால், அடுத்து மெலிந்த இடம் எதுவோ அது உருகும். இங்கே அது சுவர் பிளக். இன்னொரு வீட்டில் அது கூரைக்குள் ஓடும் வயராக இருந்திருக்கலாம்.

அந்தத் தம்பி உதவி செய்யவே நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தக் கம்பியை இன்றே கழற்றச் சொல்லுங்கள்.

நாமே பரிசோதிக்கக்கூடியவை

மல்ரிமீற்றர் என்ற சிறிய கருவி ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். அதை ஓம் அளக்கும் இடத்தில் திருப்பி வைத்து, அயன்பொக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு, பிளக்கின் இரண்டு மின்முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். வெப்பத் திருகியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 53 ஓம் காட்டினால் அது 1,000 வாற்று அயன்பொக்ஸ். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. 35 ஓம் காட்டினால், லேபல் எதைச் சொன்னாலும் அது 1,500 வாற்றளவு இழுக்கும். பாவித்த சாமான் வாங்கும்போது இந்தச் சோதனை பெரிய உதவி.

அடுத்து, ஒரு முனையை மீற்றரின் ஒரு வயராலும், அயன்பொக்ஸின் வெறும் உலோகப் பகுதியை மற்ற வயராலும் தொடுங்கள். இரண்டு மின்முனைகளுக்கும் இப்படிச் செய்யுங்கள். எந்த அளவும் காட்டக்கூடாது. காட்டினால் மின்சாரம் வெளிஉடலுக்குக் கசிகிறது. அந்தப் பொருளைத் தொடாதீர்கள்.

மின்சாரம் உள்ள இடத்தில் மீற்றரை வைத்து ஓமோ அம்பியரோ அளக்க முயல வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து. அம்பியரை லேபலிலிருந்து கணக்கிட்டால் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மோட்டரின் கம்பிச்சுருளை ஓமில் அளந்து 230ஐ அதனால் பிரித்தால் வரும் அம்பியர் லேபலில் உள்ளதைவிட மிக அதிகமாக இருக்கும். மீற்றர் பிழையில்லை. சுற்றும் மோட்டர் தானும் ஒரு எதிர் அழுத்தத்தை உண்டாக்கி ஓட்டத்தைக் குறைக்கிறது. அதனால்தான் ஊசி இறுகி மோட்டர் சுற்ற முடியாமல் நின்றால் சூடாகிப் புகைகிறது. அந்த நேரம் பெடலிலிருந்து காலை உடனே எடுக்க வேண்டும். ஓமின் நேர்க்கணக்கு அயன்பொக்ஸ், கேத்தல், ஹீற்றர் போன்றவற்றுக்குச் சரியாகப் பொருந்தும்.

எமது ஆறும் எமது மின்சாரமும்

வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்ரோறியா அணைக்கட்டில் மூன்று இயந்திரங்கள் சேர்ந்து 210 மெகாவாற்று உற்பத்தி செய்யக்கூடியவை. அங்கே சக்கரத்தைச் சுற்றிய நீரில் ஒரு பங்கு கடைசியில் எமது வாசலால்தான் கடலுக்குப் போகிறது. மின்சாரமோ கம்பியில் வருகிறது.

ஒரு மெகாவாற்று என்பது பத்து இலட்சம் வாற்று. அதை 230 வோல்ற்றில் அனுப்பினால் எளிய கணக்கில் 4,348 அம்பியர் ஓட வேண்டும். கம்பி எல்லாம் சூடாகி மின்சாரம் வழியிலேயே வீணாகும். அதையே 220,000 வோல்ற்றில் அனுப்பினால் நாலரை அம்பியர் போதும். பெரிய கோபுரங்களில் உயர் அழுத்தக் கம்பி ஓடுவதும், ஊருக்குள் ட்ரான்ஸ்போமர் அதைக் குறைப்பதும் இதற்காகவே.

சூரியக்கலமும் பற்றரியும் பாவிக்கும் சகோதரிகளுக்கும் இதே பாடம் உதவும். 24 வாற்று விளக்கு 12 வோல்ற்றுப் பற்றரியில் 2 அம்பியர் எடுக்கும். மெல்லிய நீண்ட வயரின் தடை ஒரு ஓம் என்றால் வழியில் 2 வோல்ற்று போய்விடும். விளக்குக்குக் கிடைப்பது 10 வோல்ற்றுத்தான். விளக்கு மங்கும். பற்றரியைக் குறை சொல்வதற்கு முன் வயரைத் தடிப்பாக்குங்கள், தூரத்தைக் குறையுங்கள்.

உடம்பும் ஒரு தடைதான்

இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எமது உடம்பின் தடை எப்போதும் ஒன்றல்ல. காய்ந்த தோலில் கூட. வியர்வையிலும் ஈரத்திலும் 1,000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230 ÷ 1,000 = 0.23 அம்பியர். இதயத்தை நிறுத்த இது தாராளமாகப் போதும்.

5 அம்பியர் உருகி இந்த 0.23 அம்பியருக்கு அசையாது. உருகி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பதற்கு என்று இருப்பது ட்ரிப் சுவிட்ச். வீடுகளுக்கு உரியது 0.03 அம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருக்கெடுத்தபோது எமது மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. தண்ணீர் தொட்ட பிளக்கையும் மெசினையும் வெளியே காய்ந்துவிட்டது என்று பார்த்து உடனே போடக்கூடாது. உள்ளே சேறும் ஈரமும் இருக்கும். தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு பரிசோதித்த பிறகே பாவிக்க வேண்டும்.

யானைக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முறையான யானை வேலி பல ஆயிரம் வோல்ற்றாக இருந்தாலும், மிகச் சிறிய நேரத் துடிப்பாகத்தான் அதில் மின்சாரம் வரும். வீட்டு மின்சாரம் இடைவிடாமல் ஓடும். அது யானையையும் கொல்லும், மாடு பார்க்கப் போன பிள்ளையையும் கொல்லும். சட்டப்படியும் குற்றம்.

'சர்ர்' என்ற சத்தம்

சகோதரி கேட்ட அந்தச் சத்தத்துக்கு ஒரு கதை உண்டு. தளர்ந்த இடைவெளியில் மின்சாரம் பொறியாகப் பாயும்போது அப்படி இரையும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பல தெருவிளக்குகள் இப்படியான மின்பொறியில் எரிந்தன. அவையும் இரைந்தன, மின்னி மின்னி எரிந்தன. ஏன் என்று கண்டுபிடித்தவர் ஒரு பெண். அவர் பெயர் ஹேர்த்தா அயர்ட்டன்.

1854ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு ஏழு வயதானபோது மணிக்கூடு திருத்தும் தகப்பன் இறந்துவிட்டார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். தாய்க்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர் ஹேர்த்தா. பின்னர் மின்பொறியின் வோல்ற்று, அம்பியர், இடைவெளியின் நீளம் ஆகியவற்றுக்கு இடையிலான கணக்கை எழுதினார். காற்றிலுள்ள ஒட்சிசன் உள்ளே போய்க் கரிமுனையைத் தொடுவதால்தான் அது இரைகிறது என்று காட்டினார். 1899ஆம் ஆண்டு பிரித்தானிய மின் பொறியியலாளர் நிறுவனத்தின் முதற் பெண் உறுப்பினரானார். 1902ஆம் ஆண்டு றோயல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண் என்று காரணம் சொல்லி மறுத்தார்கள். 1906ஆம் ஆண்டு அதே சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

தையல்காரத் தாயின் மகள் உலகத்துக்குச் சொன்ன கணக்கு இது. தையல் செய்யும் எங்களுக்கு மட்டும் வராதா?

இனிச் செய்ய வேண்டியவை

* தடித்த செப்புக்கம்பியை எடுத்துச் சரியான அளவு உருகியைப் போடுங்கள்.
* உருகிய பிளக்கையும் அதன் பின்னாலுள்ள வயரையும் தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு மாற்றுங்கள். சதுர முனை 13 அம்பியர் பிளக்கும் அதற்கேற்ற வயரும் போடச் சொல்லுங்கள். பிளக்கை மட்டும் மாற்றி உள்வயரைப் பழையபடி விடவேண்டாம்.
* மூன்று மெசின்களும் சேர்ந்து 1.5 அம்பியர்தான். நல்ல எக்ஸ்ரென்சன் வயரில் அவை தாராளமாக ஓடலாம்.
* அயன்பொக்ஸையும் கேத்தலையும் எக்ஸ்ரென்சனில் கொழுவாமல் நேரே சுவரில் கொழுவுங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றது.
* வேலை முடிந்ததும் பிளக்கின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால், இரைந்தால், மணத்தால், பிரதான ஆளியை நிறுத்துங்கள்.
* தைத்த துணியைப் பிளக்கின் அருகே அடுக்காதீர்கள்.

மூன்று புதிய மோட்டருக்கான பணம் மிச்சம். அதில் ஒரு பங்கு வயருக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் போகட்டும்.

ஏனைய சகோதரிகளுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலுள்ள மின் சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, லேபலைப் பார்த்து வாற்று, அம்பியர் இரண்டையும் எதிரே குறியுங்கள். எந்தப் பிளக்கில் எத்தனை அம்பியர் என்று கூட்டுங்கள். கூட்டுவதற்குப் பிள்ளைகளையும் இருத்திக்கொள்ளுங்கள். அவர்களுடைய விஞ்ஞானப் பாடமும் இதுதான்.

ஆயிரம் வாற்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அலகு. இந்தத் தாளை வைத்துக்கொண்டு மாத மின்பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது, அலகு கூடக்கூட ஏறும் விலைப்படியில் எங்கே மிச்சம் பிடிப்பது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

வெருகல் சகோதரிக்கு: இது முந்தி 'அவர் பார்க்கிற வேலை'யாக இருந்தது. இனி நீங்கள் பார்க்கிற வேலை. பிளக் மாற்றிய பிறகு எழுதுங்கள்.